பார்பெஸ் சந்தியில் ஓர் எகிப்து

பாரிஸ் மெத்ரோவின் இரண்டாம் இலக்கப் பாதை பெரும்பாலும் நிலத்துக்கு அடியில்தான் ஓடுகிறது. நகரின் வடக்கே சில நிலையங்களுக்கு மட்டும் அது இரும்புத் தூண்களின் மேல் ஏறி, வீடுகளின் இரண்டாம் மாடி உயரத்தில், சன்னல் திரைகளை உரசுவதுபோல் செல்கிறது. நம்மவர்கள் லாச்சப்பல் என்று சொல்லும் லா சப்பல் நிலையமும், அதற்கு அடுத்த பார்பெஸ் நிலையமும் அந்தப் பகுதியில் இருப்பவை. நான் பாரிசுக்கு வந்த புதிதில், 1990-களின் நடுப்பகுதியில், ஓர் உணவகத்தின் சமையலறையில் வேலைசெய்தேன். நள்ளிரவு நெருங்கும் நேரத்தில் வீடு திரும்பும்போது, வண்டி பார்பெஸ் நிலையத்தில் நின்றதும் என் கண் ஒவ்வொரு நாளும் ஒரே இடத்துக்குத்தான் போகும். இரண்டு பெருஞ்சாலைகள் கூடும் முனையில், விளக்கு எதுவும் இல்லாமல், வாசல் அடைக்கப்பட்டு, சுவரெல்லாம் விளம்பரத் தாள்கள் ஒட்டப்பட்ட ஒரு கட்டடம் அங்கே நின்றது. அழுக்குப் படிந்த அதன் நெற்றியில், சிறகு விரித்த ஒரு சூரியவட்டம் இருந்தது.

அது என்ன கட்டடம் என்று கேட்டபோது, உடன் வேலைசெய்தவர்களில் ஒருவர் பழைய இரவு நடனக்கூடம் என்றார். இன்னொருவர் துணிக்கடைக்காரரின் பண்டகசாலை என்றார். இரண்டும் ஓரளவுக்கு உண்மைதான் என்பதையும், இரண்டுக்கும் முந்தைய உண்மை ஒன்று இருந்ததையும் நான் அறிந்துகொள்ளப் பல ஆண்டுகள் ஆயின. அது ஒரு படமாளிகை. அதன் பெயர் லூக்சோர். எகிப்தில் நைல் நதிக்கரையில் பெருங்கோயில்கள் நிற்கும் நகரத்தின் பெயரையே அதற்கு வைத்திருந்தார்கள். அதோடு ‘சினிமாவின் அரண்மனை’ என்ற பட்டத்தையும் சேர்த்திருந்தார்கள்.

லூக்சோரைக் கட்டுவித்தவர் ஆன்ரி சில்பர்பேர்க் என்ற வணிகர்; வடிவமைத்தவர் ஆன்ரி சிப்சி என்ற கட்டடக் கலைஞர். 1920-இல் தொடங்கிய வேலை அடுத்த ஆண்டில் முடிந்து, 1921 அக்டோபர் 6-ஆம் நாள் படமாளிகை திறக்கப்பட்டது. எகிப்திய பாணியிலான கட்டடங்களைப் பற்றிப் பேசும்போது, பண்டைய எகிப்திய அரசன் துத்தன்காமுனின் கல்லறை கண்டெடுக்கப்பட்டதால் உலகம் முழுவதும் பரவிய மோகத்தின் விளைவு அவை என்று பலரும் சொல்லிவிடுகிறார்கள். லூக்சோரைப் பொறுத்தவரை அது பொருந்தாது. ஆங்கிலேயத் தொல்லியலாளர் ஹோவர்ட் கார்ட்டர் அந்தக் கல்லறையின் முதற்படியைக் கண்டது 1922 நவம்பர் தொடக்கத்தில். அப்போது பார்பெஸ் சந்தியில் ஓராண்டுக்கும் மேலாகப் படம் ஓடிக்கொண்டிருந்தது. ஹொலிவுட்டில் எகிப்தியன் என்ற பெயரிலேயே எழுந்த புகழ்பெற்ற படமாளிகைகூட 1922 அக்டோபரில்தான் திறக்கப்பட்டது.

பாரிசின் எகிப்து மோகத்துக்கு வேர் இன்னும் ஆழமானது. நெப்போலியன் 1798-இல் எகிப்தின் மீது படையெடுத்துச் சென்றபோது கூடவே அறிஞர்களையும் ஓவியர்களையும் அழைத்துச் சென்றார். 1822-இல் பிரெஞ்சு அறிஞர் ஷம்போலியோன் அந்நாட்டின் பட எழுத்துகளை வாசிக்கும் வழியைக் கண்டுபிடித்தார். 1836-இல் லூக்சோர் கோயில் வாசலில் நின்ற ஒற்றைக்கல் தூண் ஒன்று பாரிசின் கொன்கோர்ட் சதுக்கத்தில் நாட்டப்பட்டது. ஒரு கோயிலின் வாயிற்காவலாய் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் நின்ற கல் இன்று வாகனங்கள் சுற்றிச் செல்லும் அடையாளக் கம்பமாக நிற்பதை நான் எப்போது பார்த்தாலும் மனம் கனக்கும். அதன் இணைத்தூண் தன் இடத்திலேயே தனித்து நிற்கிறது. ஆகவே எகிப்தை விரும்புவதும் எகிப்திலிருந்து எடுத்துக்கொள்வதும் இந்த நகரத்தில் நெடுங்காலமாக ஒன்றோடொன்று பிணைந்தே வந்திருக்கின்றன. லூக்சோர் படமாளிகை எகிப்திலிருந்து எதையும் பெயர்த்து வரவில்லை என்பது எனக்கு ஆறுதலான செய்தி. அது தன் எகிப்தைச் சிறு சிறு வண்ணச் சில்லுகளால், இங்கேயே, இந்நாட்டுக் கைவினைஞர்களைக் கொண்டு செய்துகொண்டது.

அந்தச் சில்லுகளைப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும். கட்டடம் நிற்கும் நிலம் இரண்டு பெருஞ்சாலைகளுக்கு நடுவே கூம்பிச் செல்லும் ஒரு முனை. கட்டடக் கலைஞர் அந்தக் கூர்முனையை வெட்டி, அதில் உள்வாங்கிய வாசலை வைத்தார். வாசலின் இருபுறமும் தாமரையையும் பப்பிரசு என்ற நீர்க்கோரையையும் நினைவூட்டும் தூண்கள். அவற்றுக்கு மேலே, எகிப்தியக் கோயில்களில் இருப்பதுபோல் வெளிநோக்கி வளைந்து விரியும் விளிம்பு. அதன் நடுவே நான் இரவுகளில் மெத்ரோவிலிருந்து பார்த்த அந்தச் சிறகுள்ள சூரியவட்டம். சாலையை நோக்கிய பக்கச் சுவர்களிலும் கருநீலம், கறுப்பு, பொன் ஆகிய நிறங்களில் பப்பிரசுத் தண்டுகள் வரிசையாக எழுகின்றன. இவை சாயத்தால் தீட்டப்பட்டிருந்தால் பாரிசின் மழைக்கும் புகைக்கும் பத்தாண்டு தாங்கியிருக்கமாட்டா. சுட்ட சில்லுகளாகப் பதிக்கப்பட்டதால், கைவிடப்பட்ட காலத்திலும் அவற்றின் நிறம் அழுக்குக்கு அடியில் அப்படியே இருந்தது. மெல்லிய மழை பெய்து ஓய்ந்த மாலையில், சாலை விளக்குகள் ஏறும் நேரத்தில், எதிர்ப்பக்க நடைபாதையில் நின்று அந்தப் பொன் சில்லுகளைப் பாருங்கள். அவை ஒரே சீராக மின்னுவதில்லை. ஒவ்வொரு சில்லும் சற்றே வேறு கோணத்தில் பதிந்திருப்பதால், நாம் ஓரடி நகர்ந்தாலும் வெளிச்சம் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுகிறது.

உள்ளே ஏறத்தாழ 1,200 பேர் அமரலாம். கீழே ஒரு தளமும் மேலே இரண்டு பல்கனிகளும் கொண்ட, அன்றைய பாரிசின் நாடக அரங்கு போன்ற அமைப்பு அது. அதன்மேல் எகிப்தை ஆடையாக உடுத்தியிருந்தார்கள். இது பொய் அலங்காரம் என்று குறைசொல்வோர் உண்டு. நான் அப்படி நினைப்பதில்லை. சினிமா பிறந்து அப்போது கால் நூற்றாண்டுதான் ஆகியிருந்தது. தனக்கென்று ஒரு வீடு எப்படி இருக்கவேண்டும் என்று அதற்கே தெரியாத காலம். கோயிலுக்கும் நாடகத்துக்கும் மரபுவழி வடிவம் இருந்தது. இருட்டில் அமர்ந்து ஒளியைப் பார்க்கும் கூட்டத்துக்கு வடிவம் இல்லை. இருண்ட உள்ளறையில் சுவரெங்கும் உருவங்கள் வரைந்து வைத்த பழைய நாகரிகம் ஒன்றிடம் அந்த வடிவத்தைக் கடன் கேட்டதில் எனக்குப் பொருத்தம்தான் தெரிகிறது. தொழிற்சாலையிலிருந்தும் ரயில் நிலையத்திலிருந்தும் வந்த பார்பெஸ் மக்கள், நுழைவுச்சீட்டு வாங்கிய கணத்திலேயே வேறு ஒரு நாட்டுக்குள் காலடி வைக்கவேண்டும் என்று அதைக் கட்டியவர்கள் விரும்பினார்கள்.

அந்த உள் எகிப்து நெடுநாள் நிலைக்கவில்லை. பத்தாண்டுக்குள் படமாளிகை பாதே என்ற திரைப்பட நிறுவனத்தின் கைக்குச் சென்றது, பேசும்படமும் வந்தது. பழைய ஓவியங்கள் புதிய பூச்சுகளுக்கு அடியில் மறைந்து, அவற்றின் இடத்தில் கிரேக்கப் பாணி அலங்காரம் வந்தது. பின்னர் அதுவும் மறைந்தது. வெளியே சிறகுள்ள சூரியன், உள்ளே வெறும் சுவர் என்ற நிலையில்தான் லூக்சோர் தன் ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்தது.

எனக்கு மிகவும் நெருக்கமான காலம் இதற்குப் பிறகு வருவது. 1960-களிலும் 1970-களிலும் பார்பெஸ் மாறியது. அல்ஜீரியா, மொரோக்கோ, துனீசியா நாடுகளிலிருந்து வந்த தொழிலாளர்கள் சுற்றுப்புறத் தெருக்களில் குடியேறினார்கள். சாலைக்கு எதிரே ததி என்ற மலிவுத் துணிக்கடை, இளஞ்சிவப்பும் வெள்ளையுமான கட்டமிட்ட பைகளோடு, கடல் கடந்தும் பேர்பெற்றது. பெரிய நிறுவனங்களின் புதுப்படங்களை நம்பியிருக்க முடியாத லூக்சோர், அந்த மக்களுக்காக எகிப்தியப் படங்களையும் இந்தியப் படங்களையும் திரையிடத் தொடங்கியது. மக்ரெப் என்று அழைக்கப்படும் அந்த வட ஆபிரிக்க நாடுகளின் மக்களுக்கு ஹிந்திப் படங்கள் மேல் இருக்கும் அன்பு, இந்த நகரத்தில் அவர்களோடு வேலைசெய்த எவருக்கும் தெரியும். நான் இந்தியன் அல்லன், ஹிந்தியும் அறியேன் என்று எத்தனை முறை சொன்னாலும், என் தோலின் நிறத்தைக் கண்டதும் ஒரு பாட்டின் முதலடியைப் பாடிக் காட்டாமல் அவர்கள் என்னை விட்டதில்லை.

இப்படியாக, பாரிஸ்காரர்கள் கற்பனையில் செய்த எகிப்துக்குள் எகிப்தின் உண்மையான குரல் வந்து சேர்ந்தது. கெய்ரோவின் அரபு மொழி அந்தச் சுவர்களுக்குள் ஒலித்தது. அதைப் புரிந்துகொண்டு அழவும் சிரிக்கவும் தெரிந்தவர்கள் கதிரைகளில் இருந்தார்கள். லூக்சோரின் வரலாற்றில் இதைவிடப் பெரிய நிகழ்வு எனக்குத் தெரியவில்லை. ஆனால் அதைப் பற்றி எழுதப்படும் பலவற்றில் இந்த ஆண்டுகள் வீழ்ச்சிக் காலம் என்று ஒரே வரியில் முடிந்துவிடுகின்றன. சீட்டின் விலை குறைந்தது, சுவர் அழுக்கானது என்பவை உண்மை. கூட்டம் இருந்ததும் உண்மையல்லவா?

1983-இன் இறுதியில் லூக்சோர் மூடப்பட்டது. எதிரேயிருந்த துணிக்கடை அதை வாங்கியது. ஆனால் அங்கே கடை எழவில்லை. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1981 அக்டோபரில், கட்டடத்தின் முகப்பும் கூரையும் அரசின் வரலாற்றுச் சின்னப் பட்டியலில் சேர்க்கப்பட்டிருந்தன. பட்டியலில் ஒரு வரி சேர்வது சிறிய காரியமாகத் தோன்றலாம். இதே பெருஞ்சாலை வரிசையில் மேற்கே, கிளிஷி சதுக்கத்தில், பல்லாயிரம் பேர் அமரக்கூடிய கோமோன் பலே என்ற மாபெரும் படமாளிகை 1970-களின் தொடக்கத்தில் தரைமட்டமாக்கப்பட்டதை நினைத்தால், அந்த ஒரு வரியின் எடை விளங்கும். லூக்சோர் சில ஆண்டுகள் கரிபியக் கடலின் அந்தில் தீவு மக்களின் நடனக்கூடமாகவும், பின்னர் மெகாடவுண் என்ற இரவு விடுதியாகவும் இருந்து, 1980-களின் முடிவில் முற்றாக அடைக்கப்பட்டது. நான் வண்டியிலிருந்து பார்த்தது அந்த உறக்கத்தைத்தான்.

அதை எழுப்பியவர்கள் அந்தப் பகுதியில் வாழ்ந்தவர்கள். சங்கங்கள் அமைத்து, கையெழுத்துச் சேர்த்து, நகரசபையின் கதவை அவர்கள் ஆண்டுக்கணக்கில் தட்டினார்கள். 2003-இல் பாரிஸ் நகரசபை கட்டடத்தை வாங்கியது. வாங்கியதோடு முடியவில்லை, கட்டடக் கலைஞர் பிலிப் பியூமேன் தலைமையில் மீட்புப் பணி நடந்தேறி, இரண்டு கோடி யூரோவுக்கும் மேல் செலவாகி, 2013 ஏப்ரலில்தான் கதவு திறந்தது. ஒரு குழந்தை பிறந்து பள்ளிக்கூடத்தில் நான்காம் வகுப்பை எட்டும் காலம் அது. அந்தப் பத்தாண்டும் விடாமல் கேட்டுக்கொண்டிருந்த மனிதர்களை நான் வணங்குகிறேன்.

மீட்புப் பணியின் நடுவில் இருந்த சிக்கலைச் சொன்னால்தான் அந்த வேலையின் அருமை தெரியும். பழைய பூச்சுகளை மெல்ல மெல்லச் சுரண்டிப் பார்த்தபோது, அடியில் 1921-இன் ஓவியங்கள் எஞ்சியிருப்பது தெரியவந்தது. அதே நேரம், இன்றைய படமாளிகைக்கு ஒலிக்காப்பு வேண்டும். கட்டடத்தின் பக்கத்தில் இரண்டாம் இலக்க வண்டி தூண்களின் மேல் இரைந்துகொண்டு போகிறது. நிலத்துக்கு அடியில் நான்காம் இலக்க வண்டி ஓடுகிறது. சந்தியில் வாகனங்களுக்கு ஓய்வில்லை. ஆகவே பழைய அரங்கின் உள்ளே இன்னொரு கூடத்தை, பெட்டிக்குள் பெட்டி வைப்பதுபோல், அமைத்தார்கள். எஞ்சிய பழைய ஓவியங்களை அழிக்காமல் புதிய சுவருக்குப் பின்னால் விட்டுவிட்டு, அவற்றின் வடிவத்தையும் நிறத்தையும் புதிய சுவரில் திரும்பத் தீட்டினார்கள். இன்று நாம் பார்க்கும் எகிப்து, மறைந்திருக்கும் ஒரு எகிப்தின் படி. அந்த மூலமும் பாரிசில் தீட்டப்பட்ட ஒரு கனவு. இதில் ஏமாற்று எதுவும் இருப்பதாக நான் கருதவில்லை. மூலத்தைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதியதைப் பூசுவது எளிதாகவும் மலிவாகவும் இருந்திருக்கும். நாளை வேறொரு தலைமுறை இந்தப் பெட்டியைக் கழற்றினால் பழைய கையின் கோடுகளை அங்கே காணலாம் என்று இடம் விட்டுவைத்த பண்பு எனக்குப் பிடித்திருக்கிறது.

பெரிய அரங்கில் இப்போது 340 பேர் அளவில் அமரலாம். இரண்டு பல்கனிகளும் இருக்கின்றன. நிலத்துக்கு அடியில் 140 இருக்கைகளும் 74 இருக்கைகளும் கொண்ட இரண்டு சிறு அரங்குகளைப் புதிதாக அமைத்திருக்கிறார்கள். மேலே ஒரு சிற்றுண்டிச்சாலையும், அதையொட்டித் திறந்த மாடமும் உண்டு. அங்கே நின்றால் மொம்மார்த்தர் மேட்டின் வெள்ளைத் தேவாலயம் தெரியும், கீழே மெத்ரோ நிலையமும் தெரியும். புதன்கிழமையும் சனிக்கிழமையும் காலையில் போனால், தூண்களுக்கு அடியில் கூடும் சந்தையில் புதினாக் கட்டுகளின் மணம் மாடம் வரை ஏறிவரும்.

பெரிய அரங்குக்கு அலெக்சாந்திரியாவில் பிறந்த எகிப்திய இயக்குநர் யூசுஃப் ஷாஹினின் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். சரியான தேர்வு. ஆனாலும் என் மனத்தில் ஒரு குறை உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. ஒரு கட்டடத்தை மீட்கும்போது எந்த ஆண்டுக்கு மீட்பது என்ற கேள்வி எழும். லூக்சோருக்கு 1921 என்று முடிவுசெய்தார்கள். சுவரைப் பொறுத்தவரை அதுதான் நியாயம். மக்களைப் பொறுத்தவரை 1970-களும் ஒரு பூச்சுத்தான்; அதையும் சுரண்டிப் பார்த்திருக்கவேண்டும். இங்கிருந்து பத்து நிமிடம் நடந்தால் லாச்சப்பலில் நம் கடைகள் தொடங்கிவிடுகின்றன. ஆண்டுதோறும் கோடையின் முடிவில் மாணிக்க விநாயகர் தேர் அந்தத் தெருக்களைச் சுற்றி வருகிறது. அப்படியிருந்தும், எனக்குத் தெரிந்த தமிழர்களில் இந்தப் படமாளிகைக்குள் ஒருமுறையேனும் நுழைந்தவர்களை என் விரல்களில் எண்ணிவிடலாம். அது தங்களுக்கான இடமல்ல என்று அவர்கள் எண்ணுகிறார்கள். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் அவர்களைப் போன்ற குடியேறிகள்தான் அதன் விளக்கை அணையாமல் வைத்திருந்தார்கள் என்பதை வாசலில் எழுதிவைத்தால் அந்த எண்ணம் மாறக்கூடும்.

சில ஆண்டுகளுக்கு முன் அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்தபோது அவரை அங்கே அழைத்துப்போனேன். வின்சர், ராணி, மனோகரா என்று ஊரின் படமாளிகைகளில் வளர்ந்தவர் அவர். வாசலில் நின்று தூண்களை நெடுநேரம் பார்த்துவிட்டு, “தம்பி, இதிலே கலரி எந்தப் பக்கம்?” என்று கேட்டார். ஊரில் மலிவான இருக்கைகளின் பகுதிதான் கலரி. இங்கே எல்லா இருக்கைக்கும் ஒரே விலை என்று சொன்னேன். படத்தின் மொழி அவருக்குப் புரியவில்லை. ஆனால் விளக்குகள் மங்கத் தொடங்கிய அந்த அரை நிமிடத்தில், கூரையின் உத்திரங்களில் தீட்டியிருந்த நிறங்கள் ஒவ்வொன்றாக இருட்டுக்குள் இறங்குவதை அவர் கழுத்து நோகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

என் குடியிருப்பில் எனக்கு மேல் மாடியில் ஓர் அல்ஜீரிய முதியவர் இருக்கிறார். இளமையில் பார்பெஸ் பக்கத்தில் தங்கி, கட்டட வேலை செய்தவர். லூக்சோரைப் பற்றி நான் எழுத நினைப்பதாகச் சொன்னதும், தானே ஒருநாள் என்னோடு வருவதாகச் சொன்னார். ஒரு வாரநாளின் பிற்பகல் காட்சிக்குப் போனோம். மண்டபத்துக்குள் நுழைந்தவர் நடுவழியில் நின்றுவிட்டார். சுவரைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், திரையைச் சூழ்ந்த அலங்காரத்தைப் பார்த்தார். “இவை எவையும் அப்போது இல்லை, மகனே. உள்ளே ஒரே இருட்டு நிறம். எகிப்து திரையில்தான் இருந்தது,” என்றார்.

முழங்கால் வலியோடு அவர் இரண்டாம் பல்கனி வரை படியேறினார். மலிவான சீட்டு அங்கேதான் என்றும், சனிக்கிழமை இரவுகளில் தாமும் அறைத் தோழர்களும் அங்கேதான் அமர்வார்கள் என்றும் சொன்னார். நாங்கள் இருவரைத் தவிர அந்த வரிசையில் யாரும் இல்லை. விளக்கு அணைந்தது. படம் தொடங்கிச் சிறிது நேரம் ஆனபின், அவர் திரையை விட்டு முகத்தைத் திருப்பி, சுவர்ப்பக்கம் காதைச் சாய்த்து எதையோ எதிர்பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டேன். என்ன என்று கேட்டேன். அந்த நாட்களில் மெத்ரோ போகும்போதெல்லாம் கதிரை அதிரும் என்றும், கதாநாயகி பேசுவது ஒரு கணம் கேட்காமல் போகும் என்றும் மெல்லிய குரலில் சொன்னார். பிறகு கைக்கடிகாரத்தைத் திரையின் வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார்.

“இப்போது ஒன்று போயிருக்கும்,” என்றார்.